கல்லடியில் சில்லர் பூட்டிய கணினி: இரண்டு வருட அனுபவம்

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்தக் காற்றில்தான் வீடியோ எடிட் செய்யும் கணினிக்கு மீன்தொட்டிச் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்) பூட்டி, அந்தத் தண்ணீரால் புரொசசரைக் குளிர்வித்து இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். முதல் மதர்போர்ட் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

அப்போது யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே தண்ணீரை 15 பாகைக்கு இறக்கியிருந்தேன். புரொசசரைச் சுற்றி ஃபோம் ஒட்டியிருந்ததால் முன்பக்கம் காய்ந்தே இருந்தது. கணினி நின்றபின் போர்ட்டைக் கழற்றித் திருப்பினால், புரொசசர் பொருந்தும் சாக்கெட்டுக்கு நேர் பின்னால் ஈயப்பற்றுகளில் பச்சைக் களிம்பு, நடுவே ஒரு துளி தண்ணீர். குளிர் போர்ட்டின் செம்பு வழியே பின்பக்கம் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்குப் பார்த்தேன். மாரியில் 27 பாகை, 85 சதவீத ஈரப்பதம் என்றால் அது ஏறக்குறைய 24. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும்போது 34 பாகை, 55 சதவீதம் என்றாலும் அதே 24தான்! காற்று காய்ந்த மாதிரித் தெரிவதை நம்ப முடியாது. கதவை மூடி ஏசி போட்டு 25 பாகை, 50 சதவீதத்தில் வைத்தால் 14க்கு இறங்கும். அதனால் இப்போது ஈரப்பதமானி மேசையிலேயே இருக்கிறது, தண்ணீர் 17இல்.

இரண்டாவது போர்ட்டில் சாக்கெட் ஓரத்திலும் பின்பக்கத்திலும் வாஸ்லின் பூசி, அதன்மேல் ஏசிக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் ஃபோமை வெட்டி ஒட்டினேன். இடையில் காற்று நிற்கக் கூடாது. நின்றால் உள்ளேயே வியர்க்கும். தண்ணீர்க் குழாய்களுக்கும் அதே ஃபோம்தான்.

மிகவும் பயப்பட வேண்டியது கரண்ட் போகும் நேரம். ஏசி நின்றதும் யாராவது கதவைத் திறப்பார்கள், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பாகங்களில் வந்து படியும். என் சில்லர் யூபிஎஸ்ஸில் இல்லை, கணினி மட்டும்தான். கரண்ட் போனால் உடனே அணைக்காமல் புரொசசரைச் சூடாக்கும் ஒரு வீடியோ ரெண்டர் வேலையை ஓடவிடுவேன். எட்டுப் பத்து நிமிடத்தில் புரொசசர் சூட்டிலேயே தண்ணீர் 25ஐத் தாண்டிவிடும், அப்புறம் அணைப்பேன். வேலை முடிந்து அணைக்கும் நாளிலும் முதலில் சில்லர், பிறகுதான் கணினி.

ஏசி இல்லாத அறை என்றால் தண்ணீரை 26க்குக் கீழே இறக்காதீர்கள். கணினியின் வேகம் கொஞ்சம் குறையும், போர்ட் மிஞ்சும். போன வாரம் என் ஃபோமை உரித்துப் பார்த்தேன்: வாஸ்லின் பூசியபடியே வெள்ளையாக இருந்தது, ஈயம் மினுங்கியது.