கதவைக் கழற்றி மூன்று வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி போன் செய்தான். மெல்பர்னில் 1991 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறான், என்னுடையதைப் போலவே 1.6 இன்ஜின். நலம் விசாரித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணா, ஏர்ஃப்ளோ மீட்டரைத் தூக்கிட்டு மேப் சென்சார் போடலாம்னு இருக்கேன். நீங்க போட்டு மூணு வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. சற்று முன்புதான் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பி, பங்க்கிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் வண்டி இரண்டு தடவை அணைந்து, பின்னால் நின்றவன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல், அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்திருந்தேன். "போடாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். மறுநாள் யோசித்தால், முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓட்டியவன் சொல்கிற பதிலா அது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

இந்த வண்டிக்காரர்களுக்குக் கதவு எது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து, எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று வண்டியின் கணினிக்குச் சேதி சொல்கிற ஏர்ஃப்ளோ மீட்டர்தான் அது. ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டால் ஒரு அலுமினியத் தகடு தட்டுப்படும். விரலால் தள்ளினால் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிக்கொள்ளும். சாவியை ஆன் செய்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள்: சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் பம்ப் 'ம்ம்ம்' என்று ஓடத் தொடங்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும். இன்ஜின் காற்றை இழுக்கிறவரைதான் பம்புக்கு வேலை என்று ஒரு சின்ன சுவிட்சை அந்தக் கதவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வண்டி எங்காவது மோதி இன்ஜின் நின்றால் கதவு மூடும், கதவு மூடினால் பம்ப் நிற்கும். இதை முதல் முறை செய்து பார்த்தபோது சின்னப் பையன் மாதிரி பத்துத் தடவை தள்ளித் தள்ளி விளையாடினேன்.

அப்புறம் ஏன் கழற்றினாய் என்று கேட்பீர்கள். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்ல, அதன் தலைப்பக்கத்தில் கறுப்பு மூடிக்குள் ஒரு கார்பன் தடம் இருக்கிறது. அதன் மேல் ஒரு முள் தேய்த்துக்கொண்டே போகும். முப்பது வருடம் ஒரே இடத்தில் தேய்த்தால் என்ன ஆகும்? சாதாரணமாக நகருக்குள் ஓட்டுகிற வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும்போது, என் வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துவிட்டுப் போகும். ஒவ்வொரு கியரிலும், ஒவ்வொரு நாளும். ரெக்கர் என்று இங்கே சிட்னியில் சொல்கிற காயலாங்கடையில் பழைய மீட்டர் ஒன்று 300 டாலர் சொன்னார்கள். அதுவும் இதே வயதுடையது, இதே போலத் தேய்ந்தது. பழையதைக் காசு கொடுத்து வாங்கி மறுபடி பழையதையே மாட்டுவதா என்று எனக்கு ஒரு வீம்பு.

வழி இரண்டு இருந்தது. 1994 மாடலில் வந்த 1.8 இன்ஜினுக்குச் சூடான கம்பி வைத்த சென்சார் உண்டு. மின்சாரத்தால் சூடாக்கிய கம்பியைக் காற்று எவ்வளவு ஆற்றுகிறது என்று பார்த்து, உள்ளே போகும் காற்றின் எடையையே சொல்லிவிடும். நல்ல சாமான்தான். ஆனால் 1.6-இன் கணினிக்கு அதன் பாஷை புரியாது, நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும். இரண்டாவது வழி, கம்பெனிக் கணினியையே எடுத்துவிட்டு வெளிக் கணினி ஒன்றைப் போட்டு, இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அளப்பது. தம்பி சொன்ன மேப் சென்சார் இதுதான். ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அவ்வளவுதான். காற்று வரும் பாதையில் குறுக்கே எதுவும் கிடையாது. நான் போனது இந்த வழி.

இதில் ஒரு வேடிக்கை. அழுத்தத்தை அளப்பது புது வித்தை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் இறங்கினேன். பாஷ் கம்பெனி 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-க்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் முறையே அழுத்தத்தை அளந்ததுதான். 'டி' என்பது ஜெர்மனில் அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. கதவு வைத்த எல்-ஜெட்ரானிக் அதற்குப் பிறகு 1970-களில் வந்தது. ஆக, நான் காசு செலவழித்து முன்னேறவில்லை, ஒரு தலைமுறை பின்னால் போயிருக்கிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கணினி, வயரிங், புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அகன்ற அளவில் காட்டும் சென்சார் எல்லாம் சேர்த்து 1,900 ஆஸ்திரேலிய டாலர். அந்தக் கணினியை இன்ஜினுக்கு ஏற்பச் சரிசெய்யும் டியூனிங்குக்குத் தனியாக 600. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செலவு: மேனுவல் கியர் 1.6-இல் ஆக்ஸிலரேட்டர் பக்கம் இருப்பது சென்சார் இல்லை, வெறும் சுவிட்ச். கால் எடுத்தாயா, முழுசாக மிதித்தாயா, இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும். நடுவில் நடப்பது தெரிய வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியிலிருந்து அந்தப் பாகத்தைக் கழற்றி வர வேண்டும். மறுபடி காயலாங்கடை.

இனி நல்லது. நல்லது நிறையவே இருக்கிறது.

மிதித்த உடனே வண்டி கேட்கிறது. முன்பு மிதித்தால் கதவு முதலில் யோசிக்கும், பிறகு திறக்கும், அப்புறம்தான் இன்ஜினுக்குச் சேதி போகும். இப்போது அந்த இடைவெளி இல்லை. வளைவில் கியரைக் குறைக்கும்போது பாதத்தால் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றைக் காட்டும் ஊசி ஏறி நிற்கிறது. பழைய பசிபிக் ஹைவேயில் புரூக்ளின் பக்கம் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். எத்தனை குதிரைசக்தி கூடியது என்று கேட்காதீர்கள். மாற்றுவதற்கு முன் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை, அதனால் எண் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்கு 9.2 லிட்டரிலிருந்து 8.5-க்கு வந்தது. ஆனால் அதே சமயம் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து பிளக்கையும் மாற்றினேன், புண்ணியம் யாருக்கு என்று தெரியாது.

எதிர்பாராத நிம்மதி இன்னொன்று. கதவு இருந்த காலத்தில் ஆயில் அளக்கும் குச்சி சரியாக உட்காராவிட்டால்கூட ஐடிலிங், அதாவது மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம், ஆடும். கதவைத் தாண்டி எங்கே காற்றுப் புகுந்தாலும் அது கணக்கில் வராத காற்று. முப்பது வருட ரப்பர் குழாயில் விரிசல் எங்கே என்று தேடியே என் பாதி சனிக்கிழமைகள் போயின. இப்போது குழாயில் விரிசல் விட்டால் ஐடிலிங் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். மேனிஃபோல்டுக்குள் எந்த வழியாக வந்த காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடுகிறது.

கட்டூம்பா மலைக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. ஆயிரம் மீட்டர் உயரம். சாவியைப் போட்டதும் திரையில் 90 கிலோபாஸ்கல் காட்டும். வீட்டில் 101. வண்டி தன் இடத்தைத் தானே தெரிந்துகொள்கிறது. என் மனைவிக்கு அந்த ஒரு எண் மட்டும் பிடிக்கும். "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் டியூனிங்கில் பாதி அவள் செய்தது. வெளிக் கணினியில் பதினாறுக்குப் பதினாறு கட்டம், மொத்தம் 256. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு அழுத்தத்திலும் இந்த இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கும் என்று நாம்தான் நிரப்ப வேண்டும். டியூனர் முக்கியமான கட்டங்களை நிரப்பிவிட்டு மிச்சத்தை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யச் சொன்னார். அதனால் கால்ஸ்டன் பள்ளத்தாக்கின் கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஓட்ட, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் "இந்தக் கட்டம் மஞ்சள், அது சிவப்பு" என்று கத்திக்கொண்டு வந்தாள். நாலாவது வளைவில் லேப்டாப்பை மூடி என் மடியில் வைத்துவிட்டாள்.

இந்த 256 கட்டத்தில்தான் சங்கடமே இருக்கிறது. கதவு, வந்த காற்று தன்னைத் தள்ளிய அளவைச் சொன்னது. இன்ஜினில் என்ன மாற்றினாலும் அதற்குக் கவலை இல்லை. புதிது அப்படி இல்லை. அழுத்தம் இவ்வளவு, சுற்று இவ்வளவு, காற்றின் சூடு இவ்வளவு, ஆகவே காற்று இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுகிறது. போன வருடம் சைலன்ஸர் குழாயை மாற்றினேன், மறுபடி கட்டங்களோடு உட்கார்ந்தேன். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பங்க்கில் நடப்பதைப் பொறுக்க முடியவில்லை.

நடப்பது இதுதான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்துகிறேன். பெட்ரோல் போட்டு, உள்ளே போய்க் காசு கட்டிவிட்டு வர ஏழெட்டு நிமிடம். அதற்குள் பானட்டுக்குள் இருக்கும் சூடெல்லாம் காற்றின் வெப்பத்தை அளக்கிற சென்சாரில் ஏறிவிடுகிறது. ஸ்டார்ட் செய்யும்போது அது 70 டிகிரி என்கிறது. உண்மையில் உள்ளே வரும் காற்று 35 டிகிரிதான் இருக்கும். சூடான காற்று லேசு, அதனால் பெட்ரோல் குறைவாகப் போதும் என்று கணக்குப் போட்டு, கணினி பத்து சதவீதம் குறைத்துவிடுகிறது. ஸ்டார்ட் ஆவதெல்லாம் ஜம்மென்று ஆகும். ஏசி ஓட, கிளட்சை விட, சாலை விளிம்பில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற சமயம் பார்த்து ஒரு நடுக்கம், பிறகு அமைதி. ஆக்ஸிஜன் சென்சார் சூடாகி நிலைமையைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடத்துக்குள் நான் ஹாரன் வாங்கிவிடுகிறேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் சென்சார் இருந்தது ரேடியேட்டருக்குப் பின்னால் குறுக்கே போகும் அலுமினியக் குழாயில். மாட்டியவர் அங்கே ஓட்டை போட வசதி என்று போட்டிருக்கிறார். அதை ஃபில்டருக்குப் பக்கத்தில், ஹெட்லைட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக்கில் மாற்றினேன். 70 காட்டியது 58 ஆனது. அணைவது பத்துக்கு எட்டிலிருந்து பத்துக்கு மூன்று ஆனது. அப்புறம் சூட்டைக் கணினி அவ்வளவாக நம்ப வேண்டாம் என்று திருத்தப் பட்டியலில் குறைத்தேன். பங்க்கில் சரியானது. ஆனால் ஜனவரி மாதம், 40 டிகிரி வெயிலில், பாரமட்டா ரோட்டில் ஊர்ந்து போகும்போது உண்மையிலேயே சூடான காற்று வருகிறது, இது நம்ப மறுக்கிறது, வண்டி பெட்ரோல் வாடை அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணில் இப்போது நிற்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் திட்டு வாங்குகிற எண்.

கடைசியில் கண்டுபிடித்த தீர்வு, பங்க்கிலிருந்து கிளம்பும்போது வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்காமல் லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது. "எங்கப்பா ஃபியட்ல இப்படித்தான் சோக்கை இழுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்" என்கிறாள் மனைவி. இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் செலவழித்து மாமனாரின் ஃபியட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

கழற்றியே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று மட்டும் கோபமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவு போனால் பம்ப் சுவிட்சும் போய்விடும். வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் சுவிட்சுக்குப் பதில் ஒரு துண்டு ஒயரை இணைத்து, சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் ஓடும்படி விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியையே முதலில் அப்படித்தான் கொடுத்தார்கள். வண்டி கவிழ்ந்து கிடக்கும்போதும் பம்ப் தன் பாட்டுக்குப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். இன்ஜின் சுற்றுகிற சிக்னல் இல்லையென்றால் கணினி பம்ப் ரிலேயை அணைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு ஒயர் கூடுதல், அவ்வளவுதான். வண்டியை வாங்கும்போது சாவியை ஆன் செய்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். இரண்டு நொடி ஓடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. மாற்றி ஆறு மாதம் கழித்து, பிரேக் வேலைக்காக ஒரு வயசான கிரேக்க மெக்கானிக்கிடம் போயிருந்தேன். பேச்சுவாக்கில் தடம் தேய்ந்த கதையைச் சொன்னேன். அந்தக் கறுப்பு மூடியைத் திறந்து, முள்ளை அரை மில்லிமீட்டர் வளைத்து, தேயாத இடத்தில் ஓட விட்டிருந்தால் சரியாகியிருக்குமே என்றார். அரை மணி நேர வேலையாம். நான் பதில் பேசவில்லை. பிரேக்குக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்றுத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். மிதித்தால் எப்படிக் கேட்கிறது என்பதையும் சொன்னேன், பங்க்கையும் சொன்னேன். முடிவாக, "கழட்டாதே, முள்ளை வளைச்சுப் பாரு" என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சரிண்ணா. நான் கழட்டல. ஆனா என்னோட கதவு ஸ்பிரிங்கும் போயிருக்கு. உங்களோடது சும்மாதானே கிடக்கு, எனக்குக் குடுத்துடுங்களேன்?"

பார்க்கலாம் என்றேன். ராத்திரி கராஜில் ஷூ பெட்டியிலிருந்து அதை எடுத்து, துணியைப் பிரித்து, விரலால் ஒரு தள்ளு தள்ளினேன். திறந்தது. விட்டேன், மூடிக்கொண்டது. இன்னும் ஒரு நாலு தடவை தள்ளியிருப்பேன். திரும்பத் துணியில் சுற்றி, பெட்டியை முன்பிருந்ததைவிட ஒரு தட்டு மேலே வைத்தேன். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.