ஊர்த் தரவா, திறந்த தரவா? மாணவர்களுக்கு எதை வைத்துக் கற்றுக்கொடுப்பது

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள ஒரு கல்லூரியில் உயிரித் தகவலியல் பாடம் எடுக்கிறேன். மருத்துவத் தரவை முறையாகப் பகிர்வதையும், அதைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பழக்குவதையும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்தத் தரவை வைத்து? நம் கடலோர ஊர்களில் முகாம் போட்டு நாமே சேர்க்கலாம். இல்லையென்றால், ஆய்வுக்கென்று திறந்து வைத்திருக்கும் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் பேட்ச்சுக்கு ஊர்த் தரவை எடுத்தேன், அடுத்த பேட்ச்சுக்கு மாறிவிட்டேன். என் சாய்வு இப்போது திறந்த தரவின் பக்கம்தான்.

செலவு, அளவு பற்றிப் பேச அதிகம் இல்லை. நாள் முழுக்க முகாமில் உட்கார்ந்தாலும் சில பத்து வரிகள்தான் சேரும். திறந்த தொகுப்பில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கணினிக்கு, உலாவியிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப் சேவை போதும். ஆர்வத்தில் ஊர்த் தரவு முந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் தெருக்காரர்களின் ரத்த அழுத்தத்தைப் பதிவு செய்த பிள்ளைக்கு, ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஏன் காலி என்று தெரியும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அடையாளம். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கண், தோல் தொந்தரவுகளைப் பற்றித்தான் முதல் பேட்ச் தகவல் சேர்த்தது. நூறு வரிகூட வரவில்லை. பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நினைத்து வகுப்பில் திறந்தேன். அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி திரையைப் பார்த்த சில நிமிடங்களில் எழுந்து என்னிடம் வந்தாள். வயது, தொழில், நோய் மூன்றையும் வைத்தே நான்கு பேரை யாரென்று சொல்ல முடிகிறது என்றாள். அவர்களில் ஒருவர் அவளுடைய சித்தி. அன்றைக்கே கோப்பை மூடினேன். தவறு என்னுடையது.

இது சின்ன ஊர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவமனைத் தரவைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி அதை வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தாலே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்றும் கணக்கிட்டார். நம் வாக்காளர் பட்டியலிலும் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் எல்லாம் இருக்கின்றன. ஒரு குப்பத்தின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யாருக்கும் இது பெரிய வேலை இல்லை.

சரி, மறைத்துப் பார்க்கலாமே என்று கே-அனானிமிட்டி முறையை முயன்றோம். ஒவ்வொரு வரியும் குறைந்தது வேறு நான்கு வரிகளோடு ஒத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வயதைப் பத்துப் பத்தாகத் தொகுத்தோம், போதவில்லை. ஊர்ப் பெயரை எடுத்தோம், அப்போதும் போதவில்லை. தொழிலை எடுத்த பிறகுதான் கணக்கு நின்றது. பாசி எடுப்பதால் என்ன ஆகிறது என்று கேட்கப் போன தரவில் பாசியே இல்லாமல் போனது.

இப்போது, மருத்துவ ஆய்வுத் தரவைப் பகிரும் ஃபிசியோநெட் தளத்தில் உள்ள மிமிக்-4 தொகுப்பில் தொடங்குகிறோம். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் நோயாளிப் பதிவுகள் அவை, தீவிர சிகிச்சைப் பதிவுகளும் சேர்த்து. தேதிகளை 2100க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தள்ளியிருப்பார்கள். 89 வயதைத் தாண்டியவர்களை எல்லாம் ஒரே எண்ணில் அடைத்திருப்பார்கள். ஏன் என்று நான் விளக்கவே வேண்டியதில்லை, சித்தி கதையைச் சொன்னால் போதும். 100 நோயாளிகள் கொண்ட மாதிரித் தொகுப்பை யாரும் இறக்கலாம். முழுத் தொகுப்புக்கு ஒவ்வொரு மாணவரும் ஆய்வு நெறிப் பயிற்சியை முடித்து, ஆசிரியரைப் பரிந்துரையாளராகக் காட்டி, ஒப்பந்தத்தில் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். அனுமதி வாங்கிய ஒருவர் பக்கத்து பெஞ்ச் நண்பனுக்குப் பென்டிரைவில் கொடுத்தாலே விதிமீறல். சாட்ஜிபிடி மாதிரி வெளிச் சேவைக்குள் ஒட்டுவதும் அப்படித்தான். எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் வயதில், இந்தக் கட்டுப்பாட்டைவிட நல்ல பாடத்தை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது.

பாஸ்டன் நோயாளி நம் ஆள் இல்லையே என்ற குறை நியாயமானது. அதற்கு அரவிந்த் கண் மருத்துவமனையின் விழித்திரைப் படங்கள் கைகொடுக்கின்றன. 2019இல், தரவுப் போட்டிகள் நடத்தும் காகிள் தளத்தின் போட்டி ஒன்றுக்காக வெளியிட்டவை. பழக்குவதற்கான 3,662 படங்களில் 1,805 படங்களில் சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு இல்லை. ஆக, எல்லாருக்கும் 'நோய் இல்லை' என்று சொல்லும் உதவாத மாதிரிகூடக் கிட்டத்தட்டப் பாதி சரியாகச் சொல்லிவிடும். 'கடுமையான' நிலை என்று குறித்தவை 193 மட்டுமே. நூற்றுக்கு எத்தனை சரி என்ற எண்ணைப் பிள்ளைகள் சந்தேகப்படத் தொடங்குவது இங்கேதான். பாட்டியைக் கண் பார்க்க மதுரைக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் வகுப்பில் நிறைய இருக்கிறார்கள். அந்த 193 அவர்களுக்கு வெறும் எண் இல்லை.

இரண்டே பேட்ச் பார்த்தவன் நான். படங்களும் அட்டவணைகளும்தான் கையாண்டிருக்கிறேன், மரபணுத் தரவுக்கும் இதே முடிவைச் சொல்லத் துணிய மாட்டேன். பக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் அதன் நெறிக்குழுவும் துணைக்கு வந்தால் ஊர்த் தரவை மறுபடி யோசிப்பேன்.

ஊரை முழுதாக விட்டுவிடவும் இல்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பிள்ளைகளே எழுதி, வீட்டில் படித்துக் காட்டிவிட்டு வருகிறார்கள். உண்மைத் தரவு எதுவும் வாங்குவதில்லை. சென்ற முறை அந்தச் சித்தியிடமே படிவத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள் அந்தப் பிள்ளை. "நாளைக்கு நான் வேணாம்னா, குடுத்த எடத்துல இருந்தெல்லாம் எடுத்துருவீகளா?" என்று கேட்டிருக்கிறார். பலர் இறக்கிக்கொண்ட தரவை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. அதை இப்போது படிவத்தின் முதல் வரியாக வைத்திருக்கிறோம்.