பெயர் பெற்றவரா, பொருந்துபவரா?

சிறு தொழில் நடத்துபவர் ஆள் எடுக்கும்போது, பலரும் அறிந்த திறமைசாலியைப் பெருஞ்சம்பளத்துக்கு அழைப்பதா, பெயர் தெரியாவிட்டாலும் வேலைக்குப் பொருந்துபவரைத் தேடுவதா என்று தயங்குவது இயல்பு.

முதல் வழியில் சென்ற ரியல் மாட்ரிட் கால்பந்து அணி 2001இல் சிடானையும், 2002இல் பிரேசில் வீரர் ரொனால்டோவையும், 2003இல் பெக்காமையும் வாங்கியது. ஆனால் எதிரணியின் பந்தைப் பறித்துக் கொடுத்துவந்த மகெலெலேக்கு அவர் கேட்ட ஊதிய உயர்வைத் தராமல், 2003இல் அவரை இங்கிலாந்தின் செல்சி அணிக்கு விற்றுவிட்டது. வருவாய் பெருகியது உண்மைதான். எனினும் அடுத்த மூன்று பருவங்களிலும் ஸ்பெயின் லீக் பட்டம் கிட்டவில்லை. வெளியே தெரியாமல் கணக்கையும் சரக்கையும் காப்பவரை இழந்த முதலாளிகளுக்கு இந்தக் கதை புதிதாக இராது.

அமெரிக்காவின் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியோ, மட்டையாளர் ஆட்டமிழக்காமல் முதல் தளத்தையாவது அடையும் விகிதத்தை அளவுகோலாகக் கொண்டு, மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்ட வீரர்களைச் சேர்த்தது. 2002இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் ஊதியச் செலவில் அது பெற்ற 103 வெற்றிகளைத்தான், 12 கோடிக்கு மேல் செலவிட்ட நியூயார்க் யாங்கீஸ் அணியும் பெற்றது; இரண்டுமே அவ்வாண்டின் சாம்பியன் பட்டத்தை வெல்லவில்லை என்பது வேறு.

கையிருப்பு குறைந்தவருக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பேன். ஆனால் தம் தொழிலில் எதை அளக்க வேண்டும் என்று அறியாதவருக்கு அதுவும் உதவாது.