டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: எடிட்டிங் பழக வருகிறவருக்குச் சரிப்படுமா?

போனில் கைன்மாஸ்டர் பழகிவிட்டு கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்கு வருகிற பிள்ளைகள் குமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் நிறையப் பேர். கல்யாண வீடியோ, கோயில் கொடை, பள்ளித் திருவிழா என்று வேலைக்கும் பஞ்சமில்லை. அவர்கள் முதலில் பழக வேண்டியது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்புதான் என்று தயங்காமல் சொல்லலாம். மாத வாடகை இல்லை, இத்தனை நாள்தான் என்ற கெடு இல்லை, 3840×2160 அளவில் நொடிக்கு 60 ஃப்ரேம் வரை வெளியே எடுக்கலாம். காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பின் விலை 295 டாலர், ஒரே தடவைதான். அதற்குரிய எஃபெக்டை இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். எஃபெக்டை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இது தயவு காட்டாது. 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் வேண்டும். 8 ஜிபி லேப்டாப்பில் திறக்கும், வெட்டவும் செய்யலாம். நிறம் திருத்தும் கலர் பக்கம் போனதும் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) மெமரி நிரம்பிவிட்டது என்று நின்றுவிடும். அப்படிப்பட்ட லேப்டாப்தான் கையில் என்றால் ஷாட்கட்டில் பழகுங்கள், அதுவும் இலவசம்தான்.

புதியவர்கள் தடுமாறுவது வெட்டுவதில் அல்ல, முதல் ஐந்து நிமிடத்தில். புது ப்ராஜெக்ட் நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில்தான் திறக்கும். கிளிப்பை உள்ளே கொண்டுவந்த பிறகு அந்த எண்ணை மாற்ற விடாது. ஆகவே ஒரு ஃபைலையும் தொடுவதற்கு முன் வலது கீழ் மூலையிலுள்ள பல்சக்கரத்தை அழுத்தி, மாஸ்டர் செட்டிங்ஸில் டைம்லைன் (கிளிப்புகளை அடுக்கும் பட்டை) ஃப்ரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேமில், 1/50 ஷட்டரில் எடுத்தால் மண்டபத்து டியூப்லைட் படத்தில் துடிக்காது. அதனால் பெரும்பாலும் ஸ்டுடியோ கேமராக்கள் 25-இல்தான் ஓடும். போனில் 30-இல் எடுத்ததை அதே டைம்லைனில் போட்டால் ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று உதிரும், கேமராவைத் திருப்பும் இடத்தில் படம் வெட்டி வெட்டி நகரும். ஐபோன் என்றால் கேமரா செட்டிங்ஸில் பால் (PAL) ஃபார்மட்டுகளை இயக்கி 25-ஐத் தேர்ந்தெடுக்கலாம். எண் தப்பாகி வேலை பாதி முடிந்துவிட்டதா? புது டைம்லைன் போடும்போது வரும் பெட்டியில் யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஃபார்மட் பகுதியில் சரியான எண்ணைக் கொடுத்து அதை உருவாக்கி, கிளிப்புகளை அங்கே காப்பி செய்யுங்கள்.

போன் வீடியோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தியிருக்கும், இருபது நிமிடப் பிரசங்கத்தின் கடைசியில் குரல் விலகிப்போகும். எடிட்டிங்கில் இழுத்து இழுத்துச் சரிசெய்து பயனில்லை. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்று தேர்ந்தெடுத்து மாற்றி, அந்த ஃபைலைக் கொண்டுவாருங்கள்.

வெட்டுவதற்கு எடிட் பக்கம் போதும், எஃபெக்ட் செய்யும் ஃப்யூஷன் பக்கத்தை முதல் சில மாதம் திறக்கவே வேண்டாம். கண்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் கோடு நிற்கிற இடத்தில் கிளிப் இரண்டாகும். டெலீட் கொடுத்தால் வெட்டிய துண்டு போய், பின்னால் உள்ளது முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பேக்ஸ்பேஸ் கொடுத்தால் இடைவெளி அப்படியே நிற்கும். பாட்டுக்கு ஏற்றபடி அடுக்கியபின் டெலீட்டைத் தட்டினால் மொத்த வரிசையும் நழுவும், அங்கே பேக்ஸ்பேஸ்தான். கண்ட்ரோல் டி (T) போட்டு டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருவது) வைக்கும்போது மென்பொருள் கிளிப்பைக் குறைக்கட்டுமா என்று கேட்டால், வெட்டிய இடத்துக்கு அப்பால் மிச்ச ஃபுட்டேஜ் இல்லை என்று பொருள். ஒரு நொடி டிசால்வுக்கு இரண்டு பக்கமும் அரை நொடி மிச்சம் வேண்டும். ஆகவே படம் எடுக்கும்போதே முன்னும் பின்னும் இரண்டு நொடி கூடுதலாக ஓடவிடுங்கள். 4கே கிளிப் திக்கினால் மீடியா பூலில் ரைட் கிளிக் செய்து ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான லேசான நகல்) உருவாக்கிக்கொள்ளலாம்.

எழுத்துதான் நம் பக்கத்துக்குரிய பாடு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, கேரளத்துப் பாறசாலையில் பெண் வீடு என்றால் தலைப்பு தமிழிலும் வேண்டும், மலையாளத்திலும் வேண்டும். விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ ஃபாண்டில் இரண்டும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளில் யூனிகோடில் அடித்தது தெரியாது. எந்த ஃபாண்டாக இருந்தாலும் முதலில் 'கொ', 'கோ', 'கௌ' மூன்றையும் அடித்து, கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். டைட்டிலில் அது இடம் மாறினால், தலைப்பை வேறு மென்பொருளில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து, இரண்டாவது வீடியோ டிராக்கில் வைப்பதே பாதுகாப்பு. பெயரைத் தப்பாகக் காட்டிய கல்யாண வீடியோவை எந்த வீட்டாரும் மன்னிக்க மாட்டார்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ப்ரிஃபரன்ஸில் யூசர் பகுதியில் லைவ் சேவ் (தானாகச் சேமிப்பது) இயங்குகிறதா என்று பாருங்கள், கூடவே ப்ராஜெக்ட் பேக்கப்பையும் இயக்குங்கள். ப்ராஜெக்ட் தனி ஃபைலாக ஃபோல்டரில் கிடக்காது, மென்பொருளின் சொந்த நூலகத்துக்குள் இருக்கும். வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். அதில் படங்கள் வராது, படங்களும் சேர்ந்து போக வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ். கிளிப் இருந்த ஃபோல்டரை நகர்த்தினால் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாகும். பயப்பட ஒன்றுமில்லை, ரீலிங்க் கொடுத்துப் புது இடத்தைக் காட்டினால் திரும்பி வரும்.

டெலிவர் பக்கத்தில் எச்.264, நொடிக்கு 10,000 கிலோபிட் கொடுத்தால் ஹெச்டிக்குத் தாராளம். நிமிடத்துக்குச் சுமார் 75 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. எஃப்ஏடி32-இல் ஃபார்மட் ஆன பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், பழைய டிவி அதைப் படிக்காவிட்டால் வீடியோவை இரண்டு பாகமாக எடுத்துக் கொடுங்கள்.