டெல்லிக் காற்றில் .22 தோட்டா: 50 மீட்டரில் எதை நம்பலாம்?

காற்றில் எந்த கேலிபர் (குண்டின் அளவு) குறைவாக விலகும் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நீளமாகப் பதில் சொல்லலாம். அங்கே பிரெய்ரி நாய் என்ற வளை தோண்டும் சிறு பிராணியைச் சுடுகிறவர் .17 ஹெச்எம்ஆர் தோட்டாவில் தொடங்கி .223, .22-250 என்று ஏறிக்கொண்டே போவார். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் 50 மீட்டர் ரைபிள் சுடுகிறவருக்கு விதிப்படி ஒரே கேலிபர்தான்: 5.6 மி.மீ., அதாவது .22 லாங் ரைபிள். தேர்வு என்று மிஞ்சுவது தோட்டா மட்டுமே.

வேகமான தோட்டாவைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். .22-இல் நடப்பது நேர் எதிர். குண்டு தன் தொடக்க வேகத்தை இழக்காமல் பறந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், உண்மையில் எவ்வளவு ஆனது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் விலகல். ஒலியின் வேகத்தை ஒட்டிக் காற்றின் இழுவை செங்குத்தாக ஏறுகிறது. வினாடிக்கு 375 மீட்டரில் கிளம்பும் ஹை வெலாசிட்டி (அதிவேக) தோட்டா அந்த மேட்டில் வேகத்தைக் கொட்டிவிடும். 320 முதல் 330 மீட்டரில் கிளம்பும் மேட்ச் (போட்டித் தர) தோட்டாவைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகமாக விலகும். விலை மலிவு என்று பயிற்சிக்கு அதை வாங்கினால், காற்றைப் பற்றி அது கற்றுத்தரும் பாடமே தப்பாக இருக்கும்.

மேட்ச் தோட்டாவுக்கு 50 மீட்டரில் கணக்கு இப்படி: வினாடிக்கு 1 மீட்டர் பக்கக் காற்று, அதாவது மணிக்கு 3.6 கி.மீ., குண்டை ஏறத்தாழ 7 மி.மீ. தள்ளும். பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை போகலாம். உங்கள் லாட்டின் (ஒரே தயாரிப்புத் தொகுதியின்) குரூப், அதாவது ஷாட்டுகள் சிதறி விழும் அகலம், மையத்துக்கு மையம் 14 மி.மீ. என்றால் சுற்றிலும் மிஞ்சுவது 1 மி.மீ. மட்டுமே; முகத்தில் உணர முடியாத காற்றே பத்தை ஒன்பதாக்கிவிடும். குரூப் 10 மி.மீ. என்றால் 3 மி.மீ. கையில் இருக்கிறது, வினாடிக்கு 0.4 மீட்டர் மாறுதல் வரை தாங்கும். காற்றுக்கு எதிராக நாம் வாங்கக்கூடியது இந்த இடைவெளி ஒன்றுதான். எலே டெனெக்ஸ் என்ற மேட்ச் தோட்டாவின் பெட்டியில் லாட் எண்ணோடு வேகமும் வினாடிக்கு இத்தனை அடி என்று அச்சாகியிருக்கும். 1050-ஆ 1080-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50, லாபுவா மிடாஸ் பிளஸ், எதுவானாலும் உங்கள் பேரலில் இறுக்கமாக விழும் லாட்டே நல்ல லாட். ஒரே பிராண்டில் அடுத்த லாட் ஏமாற்றும். பெயரைப் பார்த்து மொத்தமாக வாங்குவது வீண் செலவு.

சோதனையை விடிந்ததும், கொடி அசையாத நேரத்தில் செய்யுங்கள். பிராண்ட் மாற்றினால் முதல் 10, 15 ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டுகளில் பூசியிருக்கும் மெழுகில் பழையது போய்ப் புதியது பேரலில் படிய அவ்வளவு ஆகும். பிறகு பத்துப் பத்து ஷாட்டாக ஐந்து குரூப். ஐந்து ஷாட் குரூப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தனியாகத் தெறித்துப்போகும் ஷாட்டை மறைத்துவிடும்.

டெல்லியில் பருவமும் கணக்கில் வரும். ஜனவரிக் காலையில் 5 டிகிரியில் ஒலியின் வேகம் 334 மீட்டர். ஜூன் மதியம் 45 டிகிரியில் 357. அதே தோட்டா குளிரில் ஒலித்தடையை உரசிக்கொண்டு கிளம்புகிறது. காற்றும் அப்போது அடர்த்தி. ஜூனில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். குளிரில் மருந்து சற்று மந்தமாக எரிந்து ஓரளவு ஈடுகட்டும், முழுதாக அல்ல. எனவே ஜனவரியில் எழுதிவைத்த கிளிக் கணக்கை (சைட் என்ற குறிபார்க்கும் கருவியைத் திருகும் படிகளை) லூ என்ற வெப்பக்காற்று வீசும் மாதத்தில் அப்படியே போடாதீர்கள்.

ரேஞ்சில் காற்றைக் காட்டும் கொடிகள் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நிற்கும். 10 மீட்டர் கொடிக்கே முதல் மரியாதை: தொடக்கத்தில் கிடைத்த சாய்வு கடைசி வரை வளர்ந்துகொண்டே போகும். நேர் பக்கக் காற்றை முழுதாக எடுங்கள், சுடும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வாக வந்தால் பாதி. வலப்புறக் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடப்புறக் காற்று வலப்பக்கம், சற்றுக் கீழே. உள்வரிகள் வலமாகச் சுற்றும் பேரலில் இது மாறாது. இதை மறந்தவர்கள் உயரம் தப்புகிறது என்று சைட்டைத் திருகி, காற்று திரும்பியதும் இரட்டைப் பிழையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆபத்தானது பலத்த காற்று அல்ல, பின்னாலிருந்து வந்து இடம் வலம் ஆடும் காற்று. கொடியின் நுனி லேசாகத் திரும்பினாலே விலகல் பக்கம் மாறிவிடும். அதில் கிளிக் போட்டுத் துரத்தாமல் துப்பாக்கியை இறக்குங்கள். ப்ரோனில், அதாவது படுத்துச் சுடும் போட்டியில், 60 ஷாட்டுக்கு 50 நிமிடம் இருக்கிறது. சைட்டர் (கணக்கில் சேராத முன்னோட்ட ஷாட்) சுடும்போது சரிபார்த்த அதே கொடி நிலை திரும்பும் வரை காத்திருக்கலாம்.

ஊரிலிருந்து தேர்வுப் போட்டிக்கு வரும் தம்பி தங்கைகள் ஆந்தி என்ற புழுதிக்காற்றையும் நினைவில் வையுங்கள். குண்டின் மெழுகுப் பூச்சு வெயிலில் இளகிப் புழுதியை ஒட்டிக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் வளையம் வளையமாகக் கறுத்துத் தெரியும். அந்தத் தோட்டாவைத் துடைத்துச் சுட முயலாதீர்கள், மெழுகும் சேர்ந்து போய்விடும். தனியாக எடுத்துவையுங்கள். பெட்டியை மூடியே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள்.