பார்முலாவா, கைக்கணக்கா, சார்ட்டா? பட்டறையில் எது எங்கே நிற்கும்

பட்டறைக் கணக்கு என்று பேச ஆரம்பித்தால் இரண்டு கட்சி சேர்ந்துவிடும். பார்முலாவை முழுசாகப் போட்டு மூன்று தசமம் வரை இறங்கினால்தான் கணக்கு என்பவர்கள் ஒரு பக்கம். கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மனசிலேயே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பவர்கள் இன்னொரு பக்கம். சுவரில் ஒட்டிய சார்ட்டும் போனில் இருக்கும் ஆப்பும் நடுவில். இதில் எது துல்லியம் என்று கேட்டால் சண்டை ஓயாது. நான் பார்ப்பது வேறு இரண்டு: கணக்கு தப்பினால் எந்தப் பக்கம் தப்புகிறது, தப்பியது வேலை முடிவதற்குள் கண்ணுக்குத் தெரியுமா. இப்படிப் பார்த்தால் சில இடத்தில் கைக்கணக்கு பார்முலாவையே தோற்கடிக்கிறது, சில இடத்தில் அதை நம்பினால் ஆள் போய்விடும்.

லேத்திலிருந்து போகலாம். வெட்டுவேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர், விட்டம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழுப் பார்முலா 30 × 1000 ÷ (3.1416 × 40), விடை 238.7 ஆர்.பி.எம். கைக்கணக்குக்காரர் 1000 ÷ 3.1416 என்ற 318-ஐ 300 ஆக்கி, 300 × 30 ÷ 40 = 225 என்பார். 320 வைப்பவருக்கு 240 வரும். கியர் லேத்தில் வேகம் படிப்படியாகத்தான் இருக்கும், எந்த லீவரை எப்படித் தள்ளினாலும் 238.7 வராது, பக்கத்தில் இருக்கும் படியில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் இங்கே முழுப் பார்முலா வெறும் பெருமை.

ஆனால் கைக்கணக்குகளுக்குள்ளேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்குலத்தில் பழகியவர்கள், நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகத்தை 4-ஆல் பெருக்கி விட்டத்தால் வகுப்பார்கள். சரியான எண் 3.82. பிழை 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. 300 வைப்பதிலும் பிழை கிட்டத்தட்ட 6 சதவீதம்தான், ஆனால் அது வேகத்தைக் குறைக்கிறது, 4 வைப்பது கூட்டுகிறது. வேகம் கூடினால் டூல் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று சொல்லும் டெய்லரின் டூல் ஆயுள் சமன்பாட்டில் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலுக்கு அடுக்கெண் சுமார் 0.125 என்று எடுப்பது வழக்கம். அந்தக் கணக்கில் வேகம் 5 சதவீதம் ஏறினாலே டூல் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. கார்பைடுக்கு 0.25 வைத்தால் 18 சதவீதம் போல போகும். 300, 4 இரண்டுக்கும் பிழை கிட்டத்தட்ட ஒரே அளவு, பில் மட்டும் வேறு வேறு. மில்லிமீட்டரில் வேலை செய்பவர் 300 வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். 4 வைப்பவர், கிடைத்த எண்ணுக்கு ஒரு படி கீழே போடுவது நல்லது.

மரை வெட்டும் துளையில் கைக்கணக்குக்கு முழு வெற்றி. எம்10 (10 மி.மீ. விட்ட) மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளின் இடைவெளி, 1.5 மி.மீ., 10-இலிருந்து 1.5-ஐக் கழித்தால் 8.5, அந்த டிரில்லைப் போட்டுக் குடைந்தால் வேலை முடிந்தது. புத்தகக் கணக்குப்படி பிட்ச்சை 1.0825-ஆல் பெருக்கிக் கழித்தால் 8.376 வரும், அது உள்மரையின் அடிப்படை உள்விட்டம். அந்த அளவில் துளை போட்டால் டாப் (உள்மரை வெட்டும் கருவி) இறுகும், ஆழமான துளையாக இருந்தால் முறிந்து உள்ளேயே நிற்கும். 8.5-இல் மரையின் ஆழம் முக்கால் பங்குக்குச் சற்று மேலே இருக்கும், பொது வேலைக்கு அது தாராளம்.

இனி ரிக்கிங், அதாவது பளுவைக் கட்டித் தூக்கும் வேலை. இங்கே நான் கட்சி மாறிவிடுவேன்.

இரண்டு கால் ஸ்லிங்கில் (கொக்கியில் மாட்டிப் பளுவைத் தூக்கும் கயிறு அல்லது சங்கிலியில்) 2000 கிலோ தூக்குகிறோம், ஆளுக்குப் பாதி, காலுக்கு 1000 கிலோ என்று மனசு சொல்லும். கால்கள் செங்குத்தாகத் தொங்கினால்தான் அது உண்மை. தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்தால் காலுக்கு 1155, 45-இல் 1414, 30-இல் முழு 2000 கிலோ. இந்தக் கணக்கைப் போட மூன்று வழி உண்டு. கோணத்தை அளந்து சைனால் வகுப்பது, சார்ட்டைப் பார்ப்பது, அல்லது ஸ்லிங் காலின் நீளத்தை அளவு டேப்பில் பிடித்து, கொக்கியிலிருந்து லோடு கட்டும் மட்டம் வரையான நேர் உயரத்தால் வகுத்து, அதைப் பாதி எடையோடு பெருக்குவது. காலின் நீளம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்றால் 1.5. 1000 × 1.5 = 1500 கிலோ, கணக்கு அவ்வளவுதான்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. காரணம் துல்லியம் இல்லை, கோணம் என்ற சொல்லே தளத்தில் குழப்பம் தருவது. ஒரு சார்ட் கோணத்தைத் தரைமட்டத்திலிருந்து அளக்கும், இன்னொன்று செங்குத்திலிருந்து, மூன்றாவது இரண்டு கால்களுக்கும் இடையே இருக்கும் முழுக் கோணத்தை. ஒரு சார்ட்டின் 60 டிகிரி, அடுத்த சார்ட்டின் 30. தரைமட்டத்துக்கு 60 என்று நினைத்துக்கொண்டு செங்குத்துக்கு 60-இல் கட்டினால், 1155 என்று நம்பின காலில் 2000 கிலோ தொங்கும். இது பாதுகாப்பான பக்கம் விழும் தப்பு இல்லை, தூக்கி முடிப்பதற்குள் தெரிய வரும் தப்பும் இல்லை. நீளத்தை உயரத்தால் வகுப்பவருக்கு எந்தக் கோணம் என்ற கேள்வியே வராது. தலைகீழாக வகுத்தால்கூட விடை 1-க்குக் கீழே போகும். சாய்ந்த கால் நேரான காலைவிடக் குறைவாகத் தாங்காது என்பது யாருக்கும் தெரியும், உடனே பிடிபட்டுவிடும்.

கண்மதிப்பில் கோணம் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 என்று நினைத்தது உண்மையில் 50 என்றால் பளு 13 சதவீதம் கூடும். 40 என்று நினைத்தது 30 என்றால் 28 சதவீதத்துக்கு மேல். கண்ணில் விழும் பிழை அதே 10 டிகிரிதான், ஆனால் ஸ்லிங் படுக்கப் படுக்க அது பூதமாகிறது. கண்மதிப்பை எப்படியாவது காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு கைக்கணக்கை ஒப்புக்கொள்ளலாம்: இரண்டு கட்டும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் ஸ்லிங் காலின் நீளமும் சமம் என்றால் அது சமபக்க முக்கோணம், கோணம் 60. கால் அதைவிட நீளமாக இருந்தால் இன்னும் நல்லது, குட்டையாக இருந்தால் நிறுத்திக் கணக்குப் போடுங்கள்.

நான்கு கால் ஸ்லிங்கில் எடையை நாலால் வகுப்பது பார்முலா மாதிரி தெரியும், ஆனால் அது வெறும் ஆசை. வளையாத லோடில் ஒரு கால் துளி நீளமாக இருந்தாலே எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களே முழுப் பளுவையும் வாங்கிவிடலாம். அதனால் இரண்டு கால் என்றே கணக்குப் போடும் பழக்கம் இருக்கிறது, மூன்று என்று எடுக்கும் தர அளவுகளும் உண்டு, நான்கு என்று யாராவது சொன்னால் கொக்கியைத் தொட வேண்டாம். எடைமையம் நடுவில் இல்லாவிட்டால் 'ஆளுக்குப் பாதி' என்பதும் பொய். 3 மீட்டர் இடைவெளியில் மையம் ஒரு முனையிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், அதே 2000 கிலோவில் செங்குத்துக் கால்களிலேயே அந்த முனைக்கு 1333, மறுமுனைக்கு 667.

கம்பிக்கயிற்றுக்கு விட்டத்தின் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கினால் கிலோவில் பளு வரும் என்று ஒரு கைக்கணக்கு ஓடுகிறது, 12 மி.மீ. கயிற்றுக்கு 1152. பொதுவாகக் குறைவாகச் சொல்லும் கணக்குதான், ஆனால் கயிறு எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஸ்லிங்கில் பளு அளவு பொறித்த டேக் இருந்தால் டேக்கில் உள்ளதுதான் எண், டேக் இல்லாத ஸ்லிங்குக்குக் கணக்கே தேவையில்லை, ஓரமாகப் போடுங்கள்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது இரண்டு இயந்திரங்களின் தண்டுகளை ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவது. பம்ப் நிலையாக இருக்கிறது, மோட்டாரின் காலடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். இரண்டு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கின் விளிம்பில் டயல் (நுண்ணளவு காட்டும் கருவி) மேலிருந்து கீழாக 0.40 மி.மீ. காட்டினால் உண்மையான ஏற்றத்தாழ்வு 0.20, இந்தப் பாதியை மறப்பதுதான் முதல் சறுக்கல். கப்ளிங்கின் முகத்தில் 200 மி.மீ. விட்ட வட்டத்தில் 0.10 வித்தியாசம் என்றால் சாய்வு மி.மீ.க்கு 0.0005. முன்கால் கப்ளிங்கிலிருந்து 150, பின்கால் 600 என்றால் சாய்வுக்கு மட்டும் 0.075, 0.30. மோட்டார் 0.20 தாழ்ந்திருந்து மேல்பக்கம் இடைவெளி அகலமாக இருந்தால் பின்பக்கம் தொங்குகிறது என்று அர்த்தம்: முன்னால் 0.275, பின்னால் 0.50 ஷிம். கீழ்ப்பக்கம் அகலம் என்றால் முன்னால் 0.125 வைக்க வேண்டும், பின்னால் 0.10 எடுக்க வேண்டும். குறி ஒன்று மாறினால் பின்காலில் 0.60 மி.மீ. வித்தியாசம்.

இதே கணக்கை வரைபடத்தாளில் போடுபவர்கள் இருக்கிறார்கள், பழைய முறை என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வரைபடம்தான் பிடிக்கும். பார்முலாவில் குறி மாறினால் விடை அதே முகத்தோடு நிற்கும், தாளில் மாறினால் மோட்டார் தண்டு தப்பான பக்கம் ஏறுவது கண்ணில் குத்தும். நேரம் கொஞ்சம் அதிகம் போகும், அவ்வளவுதான். முகம் பார்க்கும் முறையா, இரண்டு தண்டிலிருந்தும் எதிர்க் கப்ளிங்கின் விளிம்பில் டயல் வைக்கும் எதிரெதிர் முறையா என்றால், டயல்களுக்கு நடுவே உள்ள தூரம் கப்ளிங் விட்டத்தைவிட அதிகமாக இருந்தால் எதிரெதிர் முறை. தண்டு முன்னும் பின்னும் நகரும் இயந்திரத்திலும் அதுவே. டயல் பிடிக்கும் கம்பியின் தொய்வை முதலில் விறைப்பான குழாயில் வைத்து அளந்துகொள்ள வேண்டும். விளிம்பில் எடுத்த இட, வல அளவுகளின் கூட்டுத்தொகை மேல், கீழ் அளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வராவிட்டால் கணக்குப் போடாமல் மறுபடி அளக்க வேண்டும்.

லேசர் அலைன்மென்ட் கருவி வாங்கியவர்களுக்கு இதெல்லாம் போய்விட்டது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. குறி, பாதியாக்கல், தொய்வு எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் காலிலிருந்து கப்ளிங் வரை உள்ள தூரத்தை நீங்கள்தான் அடிக்கிறீர்கள், சூட்டில் எவ்வளவு வளரும் என்பதையும். தண்டு மையம் 500 மி.மீ. உயரத்தில் இருக்கும் எஃகு இயந்திரம் 50 டிகிரி செல்சியஸ் சூடானால் 500 × 0.000012 × 50, அதாவது 0.30 மி.மீ. எழும்பும். அதைப் போடாமல் திரையில் பச்சை வந்ததென்று போல்ட்டை இறுக்கினால், குளிரில்தான் நேராக இருக்கும்.

அடித்தகடு சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க 3-4-5 முறையும் (பக்கங்கள் 3, 4, 5 என்றால் மூலை செங்கோணம்) மூலைவிட்டமும் போட்டியிடும். தரையில் புதிதாகக் கோடு போட 3-4-5. ஏற்கெனவே செய்த சட்டத்துக்கு இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்த்தால் போதும். டேப்பில் பிழை இருந்தாலும் இரண்டு அளவிலும் ஒரே பிழை, அதனால் அடிபட்டுப் போகும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருபுறம் குறுகிய சட்டத்திலும் மூலைவிட்டங்கள் சமமாக வந்து ஏமாற்றும்.

கடைசியாகப் போன் கால்குலேட்டர். சைன் போடும்போது அது ரேடியனில் இருந்தால் 60-க்குக் கழித்தல் குறியோடு ஓர் எண் வரும், பார்த்ததும் தப்பு என்று தெரியும். 45-க்கு 0.851 வரும், அது நல்ல பிள்ளை மாதிரி தெரியும். அதை நம்பினால் 1414 கிலோ தொங்கும் காலுக்கு 1175 என்று எழுதிவிடுவீர்கள். முதலில் 30-க்கு சைன் போட்டு 0.5 வருகிறதா என்று பாருங்கள், அப்புறம் உங்கள் கோணத்தை அடியுங்கள்.