பொன்னியின் கூண்டு: வேலைக்குப் போகும் வீட்டில் நாயை எத்தனை மணி நேரம் அடைத்து வைக்கலாம்?

பகலில் ஒரு நாயைக் கூண்டில் தொடர்ச்சியாக 4 மணி நேரத்துக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. வளர்ந்த, கூண்டுக்குப் பழகிய, காலையில் நன்றாக நடந்து களைத்த நாய்க்கே இந்தக் கணக்கு. குட்டிக்கு இன்னும் குறைவு. பொன்னி இரண்டு மாதக் குட்டியாக எங்கள் வேளச்சேரி வீட்டுக்கு வந்தபோது வாங்கிய கம்பிக் கூண்டு இன்றும் வீட்டில் இருக்கிறது. அவள் வளர வளர அதை நாங்கள் பயன்படுத்திய விதமும் மாறிக்கொண்டே வந்தது. கூண்டு வாங்கலாமா என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், விலையைப் பற்றியும் அளவைப் பற்றியும் பேசுவதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நண்பகலில் கதவைத் திறந்துவிட யார் வருவார்கள்?

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அலுவலகம் ராஜீவ் காந்தி சாலையில். 9 மணி நேர வேலை, போகும்போதும் வரும்போதும் நெரிசல். காலை 8.30 மணிக்குப் பூட்டிய வீட்டை மாலை 7 மணிக்குத்தான் திறக்க முடியும். ஆக, பத்தரை மணி நேரம். அவ்வளவு நேரம் ஓர் உயிரைக் கம்பிக்குள் வைப்பதை எந்தப் பயிற்சி முறையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. "இரவில் 8 மணி நேரம் உள்ளேதானே தூங்குகிறது, பகலில் இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இரவில் வீடு அடங்கியிருக்கிறது, நாயின் உடலும் ஓய்வில் இருக்கிறது, நாமும் பக்கத்திலேயே படுத்திருக்கிறோம். பகலில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, அழைப்பு மணி, பால்கனிக் காகம், எதிர்வீட்டுக் குழந்தை என்று நாயின் காதுக்கு ஓய்வே கிடையாது. மேலும், இரவு 8 மணி நேரத்தோடு பகலில் இன்னொரு 8 மணி நேரத்தைச் சேர்த்தால் நாளின் மூன்றில் இரண்டு பங்கு கூண்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. இந்தக் கூட்டலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

எங்களுடையது 36 அங்குல நீளமுள்ள மடக்குக் கூண்டு. இரண்டு கதவுகள், அடியில் பிளாஸ்டிக் தட்டு, நடுவில் மாட்ட ஒரு தடுப்புக் கம்பி. பொன்னி நாட்டு நாய், இப்போது 18 கிலோ எடை. உள்ளே தலை இடிக்காமல் நிற்க வேண்டும், தடையின்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அளவுக்கு இந்த மூன்றையும் பார்த்தால் போதும். குட்டியாக இருந்தபோது தடுப்பை மாட்டி இடத்தைச் சுருக்கினோம். முழு இடத்தையும் கொடுத்தால் ஒரு மூலையில் தூங்கிவிட்டு மறு மூலையைக் கழிப்பறை ஆக்கிக்கொள்ளும். படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்தாத நாயின் இயல்பை நம்பித்தான், வீட்டுக்குள் கழிக்காமல் வெளியே போகப் பழக்கும் இந்தக் கூண்டுப் பயிற்சியே நடக்கிறது. ஆனால் அடக்க முடியாத அளவுக்கு நேரத்தை நீட்டினால் அந்த இயல்பே உடைந்துவிடும். தன் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துப் பழகிவிட்ட குட்டிக்கு வீட்டுப் பழக்கம் கற்றுக்கொடுப்பது மிகவும் கடினம்.

குட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, மாத வயதோடு ஒன்றைக் கூட்டுவது: 2 மாதக் குட்டி அதிகபட்சம் 3 மணி நேரம் அடக்கும், 3 மாதக் குட்டி 4 மணி நேரம். 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியை 3 அல்லது 4 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் கூண்டில் விடக் கூடாது என்று அமெரிக்க விலங்கு நல அமைப்புகளும் சொல்கின்றன. கூண்டுப் பயிற்சியைப் பெரிதாகப் பரப்பிய நாடே அது என்பதைக் கவனிக்க வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு அடக்கும் திறனின் எல்லையைத்தான் சொல்கிறது. குட்டி நிம்மதியாக இருக்கும் நேரம் அதில் பாதிகூட இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அதற்கு வெளியே போக வேண்டும். அதனால் முதல் மாதங்களில் நாங்கள் மாறி மாறி விடுப்பு எடுத்தோம், வீட்டிலிருந்து வேலை செய்தோம், பிறகு மதுரையிலிருந்து என் அம்மா வந்து தங்கினார். குட்டி வாங்கிய வாரமே கூண்டையும் வாங்கி, மறுநாளே அலுவலகம் போகலாம் என்று திட்டமிடுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, குட்டியை வாங்கும் நாளைத் தள்ளிப்போடுங்கள் என்பதைத்தான்.

பழக்கிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கதவைத் திறந்தே வைத்து உணவுத் தட்டை உள்ளே வைத்தோம். அவளாகவே உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு, சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தினோம். அடுத்து, நாங்கள் அறையைவிட்டு வெளியே போய் வந்தோம். பிறகு மாடிப்படி வரை. பிறகு கடை வரை. தண்டனையாக ஒருமுறைகூட உள்ளே தள்ளியதில்லை. வேலைக்குப் போகும் நாட்களில் ஒரு பழைய கைபேசியைக் கூண்டுக்கு எதிரே வைத்துக் காட்சியைப் பதிவு செய்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். ஏனென்றால் நாம் திரும்பி வரும்போது வாலாட்டும் நாய், நாம் இல்லாதபோது என்ன செய்தது என்பதைக் காட்டாது. சில நிமிடம் முனகிவிட்டுச் சுருண்டு படுத்தால் கவலை இல்லை. இடைவிடாமல் மூச்சிரைப்பது, மார்பு நனையும் அளவுக்கு எச்சில் வடிவது, கம்பியைக் கடிப்பது, தட்டைப் பிறாண்டுவது எல்லாம் பீதியின் அடையாளங்கள். தனிமையைத் தாங்க முடியாத நாயைக் கூண்டில் பூட்டினால் பல்லும் நகமும் உடையும். அத்தகைய நாய்க்குக் கால்நடை மருத்துவரின் உதவிதான் தேவை; இன்னும் உறுதியான கூண்டு அல்ல.

நண்பகல் பிரச்சினையை எங்களுக்குத் தீர்த்துவைத்தவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா. காலையில் வந்துகொண்டிருந்தவர், எங்களுக்காகத் தம் நேரத்தை 12.30 மணிக்கு மாற்றிக்கொண்டார். அதற்கெனத் தனியாகச் சம்பளம் தருகிறோம், சாவியும் அவரிடம் இருக்கிறது. வந்ததும் பொன்னியைக் கீழே அழைத்துப் போவார், தண்ணீர் மாற்றுவார், பாத்திரம் துலக்கி முடிக்கும் வரை அவளை வீட்டில் உலவ விடுவார். அதற்குப் பிறகு கூண்டு கிடையாது. சமையலறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவை மாட்டி, கூடம் முழுவதையும் அவளுக்கு விட்டுவிடுகிறோம். காலை 4 மணி நேரம் கூண்டு, மாலை வரை கூடம் என்ற இந்த ஏற்பாடுதான் அவளுக்கு ஒன்றரை வயது ஆகும் வரை எங்களிடம் நிலைத்தது. காலை வேளையும் சும்மா இல்லை: 5.30 மணிக்கு வெயில் ஏறும் முன் நீண்ட நடை, வந்ததும் சாப்பாடு, புறப்படும் முன் இன்னொரு முறை கீழே. கூண்டுக்குள் போகும்போது, நடுவில் குழியுள்ள கெட்டி ரப்பர் பொம்மைக்குள் உப்பில்லாத, தாளிக்காத தயிர் சாதத்தை அடைத்து உறையவைத்துக் கொடுப்போம். அதை நக்கித் தீர்ப்பதற்குள் நாங்கள் போனதே அவளுக்குப் பெரிதாகத் தெரியாது. வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை எதுவும் அதில் கலந்துவிடக் கூடாது. நாய்க்கு அவை நஞ்சு. கழுத்துப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். பட்டையோ அதில் தொங்கும் வளையமோ கம்பியில் மாட்டி நாயின் கழுத்தை இறுக்கிவிடும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கூண்டு வாங்குகிறவர்கள் மறந்துபோகிற ஒன்று நம் வெயில். நாய் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. சென்னையின் ஈரக் காற்றில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. திறந்த வீட்டில் நாய் தானாகவே குளியலறை வாசலுக்கோ மொசைக் தரைக்கோ நகர்ந்துகொள்ளும். கூண்டுக்குள் பிளாஸ்டிக் தட்டின் மேல் அது எங்கே நகரும்? நண்பகலில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடு அடுப்பாகிவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் கத்திரி வெயில் நாட்களில் நாங்கள் கூண்டை மூடியதே இல்லை. மற்ற நாட்களிலும் அது மேற்குச் சுவரை ஒட்டி இருக்காது. நாலு பக்கமும் அடைத்த பிளாஸ்டிக் பெட்டிக் கூண்டு பயணத்துக்குச் சரி. நம் ஊரில் வீட்டுக்குள் பகல் நேரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மழையும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைக் கண்ணால் பார்த்தோம். நாங்கள் முதல் மாடியில் இருந்ததால் தப்பித்தோம். கீழே ஒரு வீட்டில் யாரும் இல்லாமல், ஒரு நாய் கூண்டில் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன். மழை எச்சரிக்கை உள்ள நாளில் யாரும் இல்லாத வீட்டில் நாயைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நடந்து வந்து கதவைத் திறக்கக்கூடிய தூரத்தில் ஒருவரிடம் எப்போதும் சாவி இருக்கட்டும்.

கீழ்வீட்டுப் பாட்டி ஒருமுறை நேராகவே கேட்டார்: "ஏம்மா, வாயில்லா ஜீவனை இப்படிக் கூண்டில் போடுகிறாயே, பாவம் இல்லையா?" எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். நண்பகல் ஏற்பாட்டைச் சொன்னதும், "அப்படியென்றால் சரி, அந்த அக்கா வராத அன்று என்னிடம் சாவியைக் கொடு" என்றார். இன்று எங்கள் இரண்டாவது சாவி அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் கூண்டைப் பாவம் என்று சொல்லும் பலர், நாளெல்லாம் வாசலில் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாயைக் கண்டு ஒன்றும் சொல்வதில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. அதன் 11-ஆம் பிரிவின்படி, அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை வைப்பது குற்றம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடைப்பயிற்சி தராமல் விடுவதும் குற்றம். மணிக்கணக்கு எதையும் நம் சட்டம் சொல்லவில்லை. சுவீடனில் சொல்கிறார்கள்: பகலில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே அழைத்துப் போக வேண்டும். அங்கும் பின்லாந்திலும் வீட்டில் நாயை நாளெல்லாம் கூண்டில் வைத்திருக்க அனுமதி கிடையாது. கூண்டே இல்லாமல் அங்கே குட்டிகள் வீட்டுப் பழக்கம் கற்றுக்கொள்கின்றன என்பதை, கூண்டுக்காரியான நானும் மதிப்போடு ஒப்புக்கொள்கிறேன்.

கூண்டால் கிடைத்த நன்மைகளை மறைக்க மாட்டேன். கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பின் பொன்னி குதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, ஏற்கெனவே பழகிய கூண்டு பெரிய உதவியாக இருந்தது. தீபாவளி இரவுகளில் கூண்டின் மேல் கனமான போர்வையைப் போர்த்திக் கதவைத் திறந்தே வைப்போம். வெடிச் சத்தத்தில் அவள் தானாக ஓடி ஒளிவது அங்கேதான். அந்த நேரத்தில் கதவைச் சாத்துவது கொடுமை. பயந்த நாய்க்கு வெளியேறும் வழி கண்ணில் பட வேண்டும்.

கூண்டின் தரம் பற்றி: கம்பியும் தாழ்ப்பாளும் இன்றும் உறுதியாக இருக்கின்றன. நக்கியும் கடித்தும் பூச்சு உரிந்த இடங்களில் துரு ஏறிவிட்டது. கடல் காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த இடங்களைத் தேய்த்துத் துணியால் சுற்றி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தட்டு மூலையில் வெடித்ததால், கடையில் பிவிசி பலகையை அளவுக்கு வெட்டி வாங்கிப் போட்டோம். அது முன்பிருந்ததைவிட மேல். டைல்ஸ் தரையில் எழும் சத்தத்துக்கு நான்கு மூலைகளிலும் ரப்பர் துண்டு. உள்ளே பருத்திப் போர்வையை இரண்டாக மடித்துப் போடுகிறோம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெலிந்த தோலுடைய நாய்களுக்கு இதைவிடத் தடித்த விரிப்பு வேண்டும், இல்லையென்றால் முழங்கையும் இடுப்பும் காய்த்துப் புண்ணாகும். ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட அந்த இனங்களுக்குப் பகல் கூண்டே பொருந்தாது என்பதுதான் என் எண்ணம்.

பொன்னிக்கு ஒன்றரை வயது கடந்து, செருப்பையும் மின்கம்பியையும் கடிக்கும் ஆர்வம் தீர்ந்ததும், காலையிலும் கதவைச் சாத்துவதை நிறுத்திவிட்டோம். கூண்டு இப்போது அவள் விரும்பினால் படுக்கும் இடம் மட்டுமே. அக்கா 12.30 மணிக்கு வருவது மட்டும் மாறவில்லை. கூண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்தரை மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு எந்த நாயும் காத்திருக்கக் கூடாது. அப்படி ஒருவரை ஏற்பாடு செய்ய முடியாத வீடு என்றால், இப்போதைக்கு நாய் வேண்டாம். வேண்டியே தீரும் என்றால் குட்டியை விட்டுவிட்டு, தத்துக்குக் காத்திருக்கும் வளர்ந்த நாய் ஒன்றை எடுங்கள். அப்போதும் நண்பகலில் வந்துபோக ஓர் ஆளுக்கான சம்பளத்தை மாதச் செலவில் முதல் வரியாக எழுதிவிட்டு, மிச்சம் இருந்தால் கூண்டு வாங்குங்கள்.